ஒருமனதாக

மகளைப் பற்றிப் பேசப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதெல்லாம் ஜோலீன் ஹாகன் ஏதாவது சுட்டு எடுத்துக்கொண்டுதான் போவாள். அன்றைக்கு எலுமிச்சை பார், சதுரம் சதுரமாக வெட்டிய இனிப்பு. ஆஸ்டர் க்ரீக் ஊரில் சண்டைக்குப் போகிறவர்கள்கூட வெறுங்கையோடு போவதில்லை. தட்டை மேசை நடுவில் வைத்து, மூடியிருந்த தாளைப் பிரித்து, எல்லோரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்ட பிறகுதான் யார் வாயும் திறக்கும்.

மாவட்டச் சிறப்புக் கல்வி அதிகாரி வொண்டா க்ரூட்ஸ் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள்.

"ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன் ஜோலீன். டெஸ்ஸாவோட கூடவே இருந்த ஆள் ஜனவரியில வேலையை விட்டுட்டா. விளம்பரம் போட்டுப் பார்த்தாச்சு, ஒருத்தரும் வரல. ஆள் இல்லாம பத்தரை மணி வரைக்கும்தான் எங்களால அவளை வெச்சுக்க முடியும். நாள் சுருக்கறதுக்கு ஒரே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"போட மாட்டேன் வொண்டா. போன மாசமும் இதையேதான் சொன்னேன்."

டெஸ்ஸாவுக்குப் பத்து வயது. பேச்சு வராது. படங்கள் உள்ள பலகையைத் தொட்டுத் தொட்டு வேண்டியதைச் சொல்வாள். பள்ளிக்கூட மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு செருப்பைக் கழற்றி எறிவாள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, மணிக்கு முன்னாலேயே தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டால் அதுவும் கிடையாது. அந்த ஆள்தான் இப்போது இல்லை. ஆள் வைக்காதது பள்ளிக்கூடம், வீட்டுக்குப் போக வேண்டியது டெஸ்ஸா. தினமும் பத்தரைக்கு ஜோலீனுக்கு ஃபோன் வரும். பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கார் எடுத்துக்கொண்டு ஓடுவாள். கையெழுத்து வாங்காமலே நாள் சுருங்கிப்போய் மூன்று மாதம் ஆகிவிட்டது.

"சரி, போட வேண்டாம்." வொண்டா காகிதத்தை உறைக்குள் திருப்பி வைத்தாள். கோபமே இல்லை அவள் குரலில். "ஜூலையிலேர்ந்து இது தேவைப்படாது. புது விதி வருது. நாளைச் சுருக்கறதுக்குப் பெத்தவங்ககிட்ட சொன்னாப் போதும், கேக்கணும்னு இல்ல. உங்களுக்குத் தெரியாததா? உங்க குழுவே ஒருமனசா சரின்னுடுச்சே."

"எந்தக் குழு?"

"என்ன ஜோலீன் இப்படிக் கேக்கறீங்க! மாநில ஆலோசனைக் குழு. அக்டோபர் கூட்டம். நீங்களும் இருந்தீங்கள்ல? கல்வி இலாகா சுற்றறிக்கையிலயே போட்டிருக்கு. பெற்றோர் உறுப்பினர்கள் உட்பட, ஒருமனதாக." வொண்டா விரலில் ஒட்டியிருந்த சர்க்கரைப் பொடியைத் துடைத்துக்கொண்டாள். "இது ரொம்ப நல்லாயிருக்கு. அடியில ஓட்ஸ் போட்டீங்களா?"

ஓட்ஸ்தான் போட்டிருந்தாள். "ஆமா" என்று சொல்லியும் விட்டாள். கார் வரைக்கும் வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான், கேட்ட மாத்திரத்தில் ஆமா என்று சொல்லும் தன் வாயின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு மாநிலமும் ஒரு ஆலோசனைக் குழு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களாகவோ, தாங்களே மாற்றுத்திறனாளிகளாகவோ இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எங்கே என்ன குறைகிறது என்று கல்வி இலாகாவுக்கு எடுத்துச் சொல்வதும், புது விதி ஒன்று வரும்போது அதைப் பற்றி ஊரறியக் கருத்துச் சொல்வதும்தான் அதன் வேலை. சட்டம் எழுதியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள்.

போன கோடையில் இலாகாவிலிருந்து ஒரு பெண் ஜோலீனைக் கூப்பிட்டாள். வடமேற்குப் பகுதியிலிருந்து குழுவில் ஒரு தாய்கூட இல்லையாம். மத்திய அரசின் ஆய்வாளர்கள் வரப்போகிறார்களாம். "உங்க மாதிரி பொறுமையா பேசறவங்கதான் வேணும்" என்றாள். ஜோலீனுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளூர் வாரப் பத்திரிகையில் படம் வந்தது. நீல நிறத்தில் ஒரு கோட்டு வாங்கினாள்.

அக்டோபரில் முதல் கூட்டம். இரண்டு செங்கல் கனத்துக்கு ஒரு காகிதக் கட்டு எல்லோர் முன்னாலும் இருந்தது. தலைவர் டாக்டர் மெரிட் ஃபாஸ், ஓய்வுபெற்ற மாவட்டக் கண்காணிப்பாளர். யாரையும் கடிந்து பேசாதவர். யார் பேசினாலும் "அருமையான கருத்து" என்பார். காபி ஆறுவதற்குள் அவர் முதல் வேலையை முடித்துவிடுவார். அதற்குப் பெயர் ஒட்டுமொத்த ஒப்புதல். போன கூட்டத்தின் குறிப்பு, பயணச் செலவு, அடுத்த வருடத் தேதிகள் என்று விவாதிக்க ஒன்றுமில்லாத சில்லறை விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, பிரிக்காமலே ஆமாம் போடுவது.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இல்லையே? சரி, ஆமாங்கறவங்க?"

மேசையைச் சுற்றி ஒரு முனகல் எழுந்தது. ஜோலீனும் முனகினாள். தன் பெயரைச் சொன்னதற்கு அடுத்து அந்த அறையில் அவள் பேசிய ஒரே வார்த்தை அது.

அதற்குப் பிறகு திரையில் இலாகாவின் சாதனைகள். பிறகு பெட்டியில் மதியச் சாப்பாடு. "பிள்ளைகளுக்குக் குறைபவை" என்ற தலைப்பு எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். சாப்பிட்டதும், ரொம்ப தூரம் போகணும், பனி பெய்யும் போலிருக்கு என்று பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களை எண்ணிப் பார்த்த டாக்டர் ஃபாஸ், "போதுமான ஆட்கள் இல்ல, அடுத்த தடவை பார்ப்போம்" என்றார். அதையும் அருமையான கருத்து போலவே சொன்னார்.

வொண்டாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று ஜோலீன் அந்தக் கட்டைப் பரண் மேலிருந்து இறக்கினாள். பயணச் செலவுக்கும் அடுத்த வருடத் தேதிகளுக்கும் நடுவில் இருந்தது: விதித் திருத்தங்கள், முதல் பார்வை. சில்லறை விஷயங்களோடு சில்லறையாக மகளின் நாளையும் மூட்டையில் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

கொட்டகையில் விதைப்பு இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்த கணவனிடம் போய்ச் சொன்னாள். லெலண்டின் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"நீயா கை தூக்கினே?"

"கைகூடத் தூக்கல. ஆமான்னேன்."

லெலண்ட் படுத்தபடியே ஒரு நட்டை முறுக்கினான். "எல்லாரும் ஆமான்னா நானும்தான் ஆமான்னிருப்பேன்."

"அதான் லெலண்ட் அவங்க கணக்கே! நம்மள மாதிரி ஆளாப் பார்த்துப் பொறுக்கியெடுத்து உக்கார வெச்சிருக்காங்க. என் பொண்ணை வீட்டுக்கு அனுப்பறதுக்கு என் வாயாலயே ஆமா வாங்கியிருக்காங்க. நான் அதுக்குப் புதுக் கோட்டு வேற வாங்கிப் போட்டுட்டுப் போயிருக்கேன்!"

"கோட்டு நல்லாத்தான் இருந்துது" என்றான் அவன். அவள் உதைத்த ஸ்பானர் கொட்டகைச் சுவர் வரைக்கும் போய் விழுந்தது.

குழுவில் அவளுக்கு நெருக்கமானவன் என்று சொல்ல ஆர்லோ பீட் ஒருவன்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். மின்சாரக் கூட்டுறவில், மின்சாரம் போய்விட்டது என்று கத்துகிறவர்களுக்கு நாள் முழுக்க ஃபோனில் பதில் சொல்கிற வேலை. குழுவில் ஒன்பதாவது வருடம். அக்டோபரில் சாப்பாட்டின்போது பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியில் இருக்கும் பிஸ்கட்டைத் தடவிப் பார்த்து, "இன்னிக்கு உலர்திராட்சை. இலாகாவுக்குப் பண முடை" என்று அவளைச் சிரிக்க வைத்தவன்.

அவனுக்கு ஃபோன் போட்டு அவள் கொதிப்பையெல்லாம் கொட்டி முடிக்கும்வரை ஆர்லோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க படிக்காமப் போனது தப்புதான் தாயே. ஆனா உங்களுக்காவது கட்டு கைக்கு வந்துது. எனக்கும் ப்ரெய்ல்ல அனுப்பிடறாங்க. கூட்டம் முடிஞ்ச மூணாவது வாரம்."

"அப்ப நீங்க எப்படி ஆமான்னீங்க?"

"நான் வாயே திறக்கல. அங்க திறக்காத வாயும் ஆமாதான்."

"இதுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?"

"ஏப்ரல் கூட்டத்துல இறுதி வடிவம் வரும். அதுக்கு மறுநாளோட கருத்துச் சொல்ற கெடு முடியுது. மறுபடியும் அதே மூட்டைக்குள்ளதான் போடுவாங்க. ஆனா ஒண்ணு. மூட்டையிலேர்ந்து எதை வேணும்னாலும் உருவறதுக்கு ஒரே ஒரு உறுப்பினர் போதும். ஓட்டெடுப்பு வேணாம், காரணம்கூடச் சொல்ல வேணாம். உருவினதை அங்கேயே, அப்பவே பேசியாகணும். குழுவோட சொந்தச் சட்டதிட்டத்துலயே இருக்கு."

"இதுவரைக்கும் யாரும் உருவலையா?"

"ஒருத்தி உருவினா. ரொம்ப நல்ல பொம்பளை. அடுத்த வருஷம் அவளுக்கு நன்றிக் கடுதாசி வந்துது, நாற்காலி வரல."

ஏப்ரல் கூட்டத்துக்கு ஜோலீன் ஒன்றும் சுட்டுக்கொண்டு போகவில்லை. விடிவதற்கு முன்பே கிளம்பி, உருகிய பனி சேறாகக் கிடந்த சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு தலைநகர் வந்து சேர்ந்தாள். காபிக் குடுவை பக்கத்தில் கார்னெட் ஆஸ்ட்பி நின்றிருந்தாள். இலாகாவில் வேலை பார்ப்பவள், ஆனால் குழுவில் பெற்றோர் நாற்காலியில் இருப்பவள். அவளுக்குக் காது கேளாத மகன் ஒருவன் இருக்கிறான், இப்போது கல்லூரியில் படிக்கிறான். சட்டம் கேட்கிற பாதிக்கு மேல் என்ற எண்ணிக்கை இப்படித்தான் நிரம்பியிருந்தது. அக்டோபரில் ஜோலீனுக்குக் கழிப்பறை எங்கே, வண்டியை எங்கே நிறுத்துவது என்றெல்லாம் காட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

"வா கண்ணு. என்ன, இன்னிக்கு பார் கொண்டுவரலையா?"

"இல்ல."

கார்னெட் குரலைத் தாழ்த்தினாள். "நீ எதையோ உருவப்போறேன்னு கேள்விப்பட்டேன். வேணாம் ஜோலீன். உள்ளேயிருந்து மெதுமெதுவா மாத்தணும். நான் பதினஞ்சு வருஷமா அப்படித்தான் பண்றேன்."

"என்ன மாத்தினீங்க?"

கேட்டது சண்டைக்கு அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். கார்னெட் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அதில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

வழி மோசமாக இருந்ததால் அன்றைக்குப் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். கூட்டம் நடத்தப் போதுமான எண்ணிக்கைக்கு ஒருவர்தான் அதிகம். டாக்டர் ஃபாஸ் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, திரையில் ஓடிய இலாகாவின் காணொளியைப் பாராட்டிவிட்டு, மூட்டைக்கு வந்தார்.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இல்லையே? சரி, ஆமாங்கறவங்க..."

"எனக்கு உண்டு" என்றாள் ஜோலீன்.

அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. டாக்டர் ஃபாஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க ஜோலீன். ஏதாவது தேதி இடிக்குதா?"

"தேதி இல்ல. விதித் திருத்தத்தை வெளிய எடுக்கணும்."

"அருமை. அருமையான கருத்து. மத்தியானத்துக்கு அப்புறம் தாராளமா பேசலாம்."

"மத்தியானத்துக்கு அப்புறம் இங்க யாரும் இருக்க மாட்டாங்க டாக்டர். இப்பவே பேசணும். சட்டதிட்டம் அப்படித்தான் சொல்லுது."

"நாம சின்னக் குடும்பம் மாதிரி ஜோலீன். இங்க சட்டதிட்டம்லாம் பேசிக்கறதில்ல."

மேசையின் மறுகோடியிலிருந்து ஆர்லோ சொன்னான்: "என் குடும்பத்துலயும் இப்படித்தான் டாக்டர். எனக்குத் தெரியாம எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு, எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம்பாங்க."

ஓரிருவர் சிரித்தார்கள். சட்டதிட்டக் காகிதத்தைப் புரட்டிய இலாகா எழுத்தர் தலைவரின் காதில் ஏதோ சொன்னாள். டாக்டர் ஃபாஸ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சுருக்கமாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

ஜோலீன் எழுந்து நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "இப்ப இருக்கற விதியில பெத்தவங்க சம்மதிச்சாத்தான் பிள்ளையோட நாளைச் சுருக்கலாம்" என்று ஆரம்பித்தாள். "புதுசுல சம்மதம் வேணாம். சொன்னாப் போதும்." அதற்குள் எதிரே ஒரு மாவட்ட அதிகாரி, சிறு ஊர்களில் ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆரம்பித்தார். பள்ளிக்கூடங்களுக்குக் கொஞ்சம் நெளிவுசுளிவு வேண்டும் என்றார். இது பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் என்றார். கார்னெட் முன்னால் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் மேசை மேலிருந்த ஜோலீனின் ஃபோன் அதிர்ந்தது. மணி பத்தரை.

திரையில் வொண்டாவின் பெயர். மூன்று மாதமாக இந்த நேரத்துக்கு வரும் அதே அழைப்பு. தலைநகருக்குப் போகிறேன், இன்று வர முடியாது என்று நேற்றே சொல்லியிருந்தாள். அப்படியும் வந்துவிட்டது. ஜோலீன் அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலியைத் திறந்து, மேசை நடுவில் வைத்தாள். ஊரில் என்றால் எலுமிச்சை பார் தட்டு வைக்கிற இடம் அது.

"வொண்டா, நான் மாநிலக் குழுக் கூட்டத்துல இருக்கேன். நீங்க பேசறது எல்லாருக்கும் கேக்குது. முதல்லயே சொல்லிட்டேன்."

"ஓ. எல்லாருக்கும் வணக்கம்." தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். "ஜோலீன், அது... டெஸ்ஸாவைக் கூட்டிட்டுப் போகணுமே."

"டெஸ்ஸா எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா."

"அழறாளா?"

"இல்லல்ல. படம் போட்டுட்டு உக்காந்திருக்கா."

"யாரையாவது அடிச்சாளா? செருப்பை எறிஞ்சாளா?"

"இல்ல ஜோலீன். ஒண்ணும் பண்ணல. மணி பத்தரை ஆயிடுச்சு, அவ்வளவுதான்."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஜோலீன் ஃபோனைப் பார்த்துப் பேசவில்லை. எதிரே, நெளிவுசுளிவு கேட்ட அதிகாரியைப் பார்த்துப் பேசினாள்.

"நான் நாலு மணி நேரத் தூரத்துல இருக்கேன். லெலண்ட் வயல்ல விதைச்சிட்டிருக்கான். நாள் சுருக்கறதுக்கு நான் சம்மதிக்கல, கையெழுத்தும் போடல. பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் வொண்டா?"

"மூணே காலுக்கு."

"அப்ப மத்த பிள்ளைங்களோட மூணே காலுக்கு பஸ் ஏறி வரட்டும்."

"எங்ககிட்ட கூட உக்கார ஆள் இல்லையே ஜோலீன்!"

"நீங்க இருக்கீங்களே வொண்டா. மணி அடிக்கறதுக்கு முன்னாடி தோளைத் தொட்டுச் சொல்லணும். அவ்வளவுதான் வேலை. நீங்களே உக்காருங்க."

ஃபோனை அவளே அணைத்தாள்.

டாக்டர் ஃபாஸ் மெல்லச் சொன்னார்: "ரொம்ப உருக்கமா இருந்துது. ஆனா குழு தனிப்பட்ட ஒரு பிள்ளையோட விஷயத்தைப் பேசறதுக்கில்லையே..."

"இது தனிப்பட்டது இல்ல டாக்டர்" என்றான் ஆர்லோ. "பிள்ளைகளுக்குக் குறைபவைன்னு ஒரு தலைப்பு இருக்கே, ஒன்பது வருஷமா மத்தியானம் பேசுவோம் பேசுவோம்னு சொல்லி ஒரு தடவைகூடப் பேசாத தலைப்பு, அதுதான் இது. இன்னிக்கு சோத்துக்கு முன்னாடியே வந்திடுச்சு. இந்த விதியைக் குழு எதிர்க்குதுன்னு நான் தீர்மானம் கொண்டுவரேன்."

அக்டோபரில் ஒரு தடவைகூட வாய் திறந்திராத இன்னொரு தாய், தென்பகுதிக்காரி, "நான் வழிமொழியறேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தானே திகைத்துப் போனவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"சரி" என்றார் தலைவர். பெட்டிச் சாப்பாடு வந்து வாசலில் அடுக்கப்பட்டிருந்தது. ரொட்டி வாசனை உள்ளே வந்தது. "ஆமாங்கறவங்க..."

"ஒரு நிமிஷம் டாக்டர்." ஆர்லோ கை தூக்கியிருந்தான். "நீங்க ஆமாங்கறவங்கன்னா ஒரு முனகல் வருது. இல்லங்கறவங்கன்னாலும் அதே முனகல். பார்க்கறவங்களுக்கு யாருன்னு தெரியும். எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷமா இந்த மேசையில யாரு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாமலே உக்காந்திருக்கேன். பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தரும் வாயைத் திறந்து சொல்லணும். மாற்றுத்திறனாளிக்கு இந்த வசதியைச் செஞ்சு தர முடியாதுன்னு இந்தக் குழு குறிப்புல எழுதினா, நான் ஒண்ணும் சொல்லல."

யாரும் மறுக்க முடியாத கோரிக்கை அது. இந்த மாநிலத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிக்கொள்வதில்லை. எழுத்தர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தாள். நெளிவுசுளிவு கேட்ட அதிகாரி "எதிர்க்க வேண்டாம்னு நினைக்கறேன்" என்று தன் கழுத்துப்பட்டியிடம் சொன்னார். "சத்தமா" என்றான் ஆர்லோ. அவர் மறுபடி சொன்னார். இரண்டாம் தடவை அது இன்னும் மோசமாகக் கேட்டது.

"ஹாகன்?"

"எதிர்க்கறேன்" என்றாள் ஜோலீன்.

இரண்டு பக்கமும் மாறி மாறி ஏறிக்கொண்டு வந்தது. தலைவர் ஓட்டுப் போடுவதில்லை, சமமானால் மட்டும் போடுவார். எந்தப் பக்கம் போடுவார் என்பது ஊருக்கே தெரியும். கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு பெயர்.

"ஆஸ்ட்பி?"

கார்னெட் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். ஃபோன் இருந்த இடத்தைப் பார்த்தாள். "என் பையனையும் அனுப்பினாங்க" என்றாள். "மூணாம் வகுப்புல. பதினொண்ணேகாலுக்கு." நிறுத்தினாள். அவள் மேலதிகாரி சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜோலீன் காத்திருந்தாள். சொல்லேன், இன்னும் ஒரே ஒரு வார்த்தைதானே என்று உள்ளுக்குள் கத்தினாள்.

"நான் ஓட்டுப் போடல" என்றாள் கார்னெட்.

விதிக்கு எதிர்ப்பு ஐந்து, ஆதரவு நான்கு. கார்னெட் போடாததால் சமமாகவில்லை. தலைவருக்கு வேலை வரவில்லை. தீர்மானம் நிறைவேறியது. குழு விதியை எதிர்க்கிறது என்று மறுநாள் கெடுவுக்குள் எழுத்தில் போயாக வேண்டும், ஊரறிய. இனி ஒருமனதாக என்று யாரும் சுற்றறிக்கை அடிக்க முடியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல எல்லோரும் கோட்டை மாட்டினார்கள். அன்றைக்கு இன்னும் வேகமாக மாட்டினார்கள். கார்னெட் போகும்போது ஜோலீனின் தோளைத் தொட்டாள். ஜோலீன் திரும்பிப் பார்க்கவில்லை. பதினைந்து வருடம் உள்ளேயே இருந்து, தன் மகன் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நேரத்தைக்கூட மறக்காமல் இருந்து, அவளால் முடிந்தது வாயை மூடிக்கொள்வது மட்டும்தான். அதுவே உதவியாகப் போனதற்கு நன்றி சொல்ல ஜோலீனுக்கு மனம் வரவில்லை.

தாழ்வாரத்தில் டாக்டர் ஃபாஸ் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா பேசினீங்க ஜோலீன். ஆனா மனசுல ரொம்ப வெச்சுக்காதீங்க. நம்ம வேலை வெறும் ஆலோசனைதான். இலாகா கேட்டாலும் கேக்கும், கேக்காமலும் போகும்."

"வெறும் ஆலோசனைதான்னா எதுக்கு டாக்டர் அதை மூட்டையில கட்டி ஒளிச்சு வெச்சீங்க?"

அவர் வாய் "அரு" என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. கதவை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது லெலண்ட் கூப்பிட்டான். பின்னால் டெஸ்ஸா ஏதோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம்.

"பஸ்ல வந்து இறங்கினா. மத்த பிள்ளைங்களோட. ஜோலீன், முழங்கை வரைக்கும் நீலச் சாயம். ஓவிய வகுப்பாம். ஜனவரியிலேர்ந்து வியாழக்கிழமை மத்தியானம் ஓவிய வகுப்பு நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. பலகையில நீலத்தைத் தொடறா, திரும்பத் திரும்பத் தொடறா. கழுவ விடமாட்டேங்கறா. வொண்டாவே பக்கத்துல உக்காந்திருந்தாளாம். மணி அடிக்கறதுக்கு முன்னாடி தோளைத் தொட்டாளாம். செருப்பு காலைவிட்டு இறங்கலையாம்."

ஜோலீன் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வந்தது சந்தோஷம் இல்லை. ஜனவரியிலிருந்து எத்தனை வியாழக்கிழமை! அத்தனை மத்தியானமும் அந்த நீலச் சாயம் அங்கேயே இருந்திருக்கிறது. தோளைத் தொட ஒரு கையும் அங்கேயே இருந்திருக்கிறது, அலுவலக அறையில், ஃபோனைப் பிடித்துக்கொண்டு. ஒரு பிள்ளை ஒரே ஒரு மத்தியானம் படம் வரைவதற்கு ஒரு சட்டமும், ஒரு குழுவும், நான்கு மணி நேரப் பயணமும், கண் தெரியாத ஒருவனின் தந்திரமும் வேண்டியிருக்கிறது.

"ஜோலீன்? இருக்கியா?"

"இருக்கேன். கழுவாதே. நான் வந்து பாக்கணும்."

"சரி."

"லெலண்ட், நாளைக்கும் பத்தரைக்கு ஃபோன் வரும். வயலுக்குக்கூட அடிப்பாங்க. நீ எடுக்காதே."

"ஏன்?"

"நீ சரின்னுடுவே."

"ஆமா, சொல்லிடுவேன்" என்றான்.

"நான் எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஜோலீன் வண்டியைக் கிளப்பினாள்.